எட்டு மாதம் ஒளிந்திருந்த கட்டி: ஒரு மகளின் கேள்வி

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 58 வயது. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பார். கேஸ் என்று மாத்திரை தந்தார்கள். எண்டோஸ்கோபியில் லேசான புண் என்றார்கள். பிறகு ஒரு ஸ்கேனில் இடது கிட்னி வீங்கியிருப்பது தெரிந்து, கல்லாக இருக்கும் என்று சிறுநீர் இறங்கும் பாதையில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தார்கள். கல் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து இடது கால் வீங்கியது. கை, தோள் எல்லாம் மெலிந்து போக, இடுப்பு பெல்ட் மட்டும் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிற்று. எடை குறைகிறது, டி.பி. கட்டியாக இருக்கலாம் என்று இரண்டு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள்.

போன வாரம்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வயிற்றின் பின்பகுதியில் 24 சென்டிமீட்டர் கட்டி, இடது கிட்னியைச் சுற்றி மூடியிருக்கிறது, பெரும்பகுதி கொழுப்பு, ஒரு 6 சென்டிமீட்டர் பகுதி மட்டும் கெட்டி என்று ரிப்போர்ட். மெல்லிய ஊசியில் எடுத்த டெஸ்டில் ‘கொழுப்பு செல்கள் மட்டும்’ என்று வந்தது. ஒரு சர்ஜன், “சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். வருகிற புதன்கிழமை திறந்து முடிந்த அளவு எடுத்துவிடலாம், கிட்னியைத் தொட வேண்டாம்” என்கிறார். இன்னொருவர், முதலில் பயாப்சி, பிறகு கிட்னியோடும் பெருங்குடலில் ஒரு பகுதியோடும் சேர்த்து எடுக்க வேண்டிவரும் என்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கிட்னிக்கான ரத்த டெஸ்டில் கிரியேட்டினின் 1.1. வேலை செய்கிற கிட்னியை எதற்கு எடுக்க வேண்டும்? இத்தனை மாதம் எங்கே தவறவிட்டோம்? அப்பாவுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மா பயந்துபோய் பலாப்பழம், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

பண்ருட்டி வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் புதன்கிழமை ஆபரேஷனைத் தள்ளிவையுங்கள். அந்த சர்ஜனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “பயாப்சி ரிசல்ட் வந்ததும் வருகிறோம் சார்” என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

ஸ்கேன் படத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். 24 சென்டிமீட்டர், வயிற்றின் பின்பகுதி, பெரும்பாலும் கொழுப்பு, நடுவில் ஒரு கெட்டிப் பகுதி. இந்த நாலையும் சேர்த்துப் படித்தால் என் துறையில் யாருக்கும் முதலில் நாக்கில் வரும் பெயர் லைப்போசார்கோமா. கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பும் புற்றுநோய் அது. தோளிலோ முதுகிலோ தோலுக்கடியில் வழுக்கி வழுக்கி ஓடும் கொழுப்புக் கட்டியை நீங்கள் பலரிடம் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாத சாதுக் கட்டி. வயிற்றின் பின்பகுதியில் கணக்கு தலைகீழ். அங்கே பெரிய கொழுப்புக் கட்டி இருந்தால், வேறு ஏதோ என்று நிரூபணம் ஆகும்வரை லைப்போசார்கோமா என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித்தந்த பாடம். கிட்னியிலிருந்தே முளைக்கும் கொழுப்பு கலந்த சாதுக் கட்டி ஒன்றும் உண்டு. அது கிட்னியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு பள்ளத்திலிருந்து கிளம்பும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்தே இரண்டையும் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

எங்கே தவறவிட்டோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இந்த ஒரு வரிதான் என்னை உறுத்தியது.

பழைய வீடுகளில் கூடம், முற்றம் எல்லாம் தாண்டி ஒரு பின்கட்டு இருக்குமே, வயிற்றிலும் அப்படி ஒன்று உண்டு. முன்கட்டில் இரைப்பை, சிறுகுடல், ஈரல். அதற்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல இருக்கும் பின்கட்டில் இரண்டு கிட்னிகள், அவற்றிலிருந்து சிறுநீர் இறங்கும் குழாய்கள், உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்கள், கணையம், பெருங்குடலின் இரு பக்கவாட்டுப் பகுதிகள், தொடைக்குப் போகும் நரம்புகள். இடம் தாராளம். ஒரு கட்டி அங்கே வளரத் தொடங்கினால் தடுக்க எலும்புச் சுவர் கிடையாது. முன்னால் இருக்கும் குடலை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகும். குடலும் ஒதுங்கிக் கொடுக்கும். வலி இருக்காது. 15, 20 சென்டிமீட்டர் ஆன பிறகே இந்தக் கட்டிகள் எங்கள் கைக்கு வருவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். உங்கள் ஊர்க்காரருக்கு இதை வேர்ப்பலாவை வைத்துச் சொன்னால் புரியும். கிளையில் தொங்கும் காய் போகிற வருகிறவர் கண்ணில் படும். அடிவேரில் மண்ணுக்குள் காய்த்தது, பழுத்து நிலம் வெடித்து வாசனை கிளம்பினால்தான் தெரியும்.

தானாகச் சத்தம் போடாத கட்டி, அக்கம்பக்கத்தை அழவைக்கும். அப்பாவுக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். இரைப்பையை முன்னால் தள்ளியது, நாலு வாயில் வயிறு நிறைந்தது. அது கேஸ் மாத்திரைக்குப் போயிற்று. சிறுநீர்க் குழாயை நெரித்தது, கிட்னி வீங்கியது. அது கல் சந்தேகத்துக்குப் போயிற்று. காலிலிருந்து ரத்தம் திரும்பும் பாதையை அழுத்தியது, கால் வீங்கியது. ஒவ்வொரு டாக்டரும் அழுத வீட்டுக்குள் போய்த்தான் தேடினார். அடித்தவன் பின்கட்டில் இருந்தான். எண்டோஸ்கோபி குழாய் இரைப்பைக்குள்ளே மட்டும் பார்க்கும், சுவருக்கு வெளியே என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குக் குடலில் உள்ள காற்று பெரிய தடை. அதற்கும் பின்னால் உள்ளது சரியாகத் தெரிவதில்லை. இந்தக் கட்டிக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. அது கொழுப்பு. நம் எல்லோர் வயிற்றிலும் கொழுப்பு இருக்கிறது. நன்கு முதிர்ந்த கொழுப்பு போலவே இருக்கும் லைப்போசார்கோமாவை, சி.டி. ஸ்கேனிலேயே ‘ஆளுக்குக் கொஞ்சம் தொப்பை’ என்று கடந்துபோனவர்கள் உண்டு. குடல் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதே என்று யாராவது ஒரு நிமிடம் நின்று யோசித்தால்தான் பிடிபடும்.

வயது வந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் கிளம்பும் சார்கோமாக்கள் எல்லாம் சேர்த்தே நூற்றில் ஒன்றுதான். அந்த ஒன்றிலும் பத்துப் பதினைந்து சதவீதம்தான் வயிற்றின் பின்பகுதியில் வருபவை. ஆயிரம் புற்றுநோயாளிகளைப் பார்த்தால் ஒருவரோ இருவரோ. உங்கள் ஊர் குடும்ப டாக்டர் தன் முழு வாழ்நாளிலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். ஆகவே அவர்மேலும் குற்றமில்லை, உங்கள்மேல் சத்தியமாக இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் பூசி மெழுகவும் எனக்கு மனமில்லை. இரண்டு இடத்தில் கேள்வி கேட்டிருக்கலாம். கிட்னி வீங்கியிருக்கிறது, கல் இல்லை என்று தெரிந்த அன்றே, அப்படியானால் வெளியிலிருந்து அழுத்துவது எது என்று சி.டி. எடுத்திருக்க வேண்டும். ஸ்டென்ட் கிட்னியைக் காப்பாற்றியது, நல்லதுதான், ஆனால் அதோடு கேள்வியையும் மூடிவிட்டது. இன்னொன்று அந்த டி.பி. மாத்திரை. நம் ஊரில் வயிற்று டி.பி. அபூர்வம் இல்லை, எடை குறைந்து வயிற்றில் கட்டி என்றால் அதை நினைப்பது நியாயம். நினைப்பதற்கும், சதைத் துணுக்கோ கிருமி டெஸ்டோ இல்லாமல் இரண்டு மாதம் மாத்திரை கொடுப்பதற்கும் தூரம் அதிகம். அந்த இரண்டு மாதமும் ‘மருந்து வேலை செய்யட்டும்’ என்று எல்லோரும் காத்திருந்திருப்பீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சி.டி. படத்தோடு அதே டாக்டரிடம் போங்கள், ஆதாரம் எதுவும் இல்லையென்றால் அவரே நிறுத்தச் சொல்வார். அந்த மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் ஈரல் டெஸ்ட் ஒன்றும் எடுத்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் எப்படியும் தேவைப்படும்.

கால் வீக்கத்தை மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை விடாதீர்கள். நாளையே காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தால் வந்த வெறும் வீக்கமா, ரத்தம் உறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் அது வேறு ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஸ்டென்ட் இருப்பதால் குளிர் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஸ்டென்ட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். வைத்த தேதியை எங்காவது எழுதிவையுங்கள், பலர் அதை மறந்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

இனி ஊசி விவகாரம். முதலில் எடுத்தது மெல்லிய ஊசி. எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். அதில் தனித்தனி செல்கள்தான் வரும். தைராய்டுக்கும் கழுத்து நெறிகட்டிக்கும் அது உபயோகம். கொழுப்புக் கட்டியில் குத்தினால் கொழுப்பு செல்தான் வரும், வேறென்ன வரும்? நெல் மூட்டையில் ஒரு நெல்லை எடுத்துப் பார்த்து ரகம் சொல்லு என்பது போல. அந்த ரிப்போர்ட்டை வைத்து ‘சாதாரணக் கட்டி’ என்று முடிவு செய்ய முடியாது. இப்போது வேண்டியது கோர் பயாப்சி, அதாவது கொஞ்சம் தடித்த ஊசியில் நூல் மாதிரி நாலைந்து சதைத் துணுக்குகள். சி.டி. பார்த்துக்கொண்டே, அந்த 6 சென்டிமீட்டர் கெட்டிப் பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொழுப்புப் பகுதி நல்ல பிள்ளையாகவே காட்டும், கட்டியின் நிஜ குணம் கெட்டிப் பகுதியில்தான் இருக்கும். முன்வயிறு வழியாக இல்லாமல் முதுகுப்புறத்திலிருந்து ஊசி போட வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் குடல் இருக்கும் முன்கட்டுக்குள் ஊசி நுழையாது.

பரவாதா என்றால், இப்படி முறையாகச் செய்யும் பயாப்சியில் ஊசித் தடத்தில் கட்டி விதைக்கப்படுவது மிக அபூர்வம். நூற்றில் ஒன்றிரண்டைத் தாண்டாது. ‘கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். பெயர் தெரியாமல் குத்துமதிப்பாகத் திறந்து, பாதியை விட்டுவிட்டு மூடிய ஆபரேஷன்களைப் பார்த்த ஊர் அப்படித்தான் பேசும். ஊரின் அனுபவம் பொய்யில்லை, பழியைத்தான் ஊசிமேல் போட்டுவிட்டார்கள்.

பெயர் தெரிந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், அந்தப் பின்கட்டில் ஒளிபவர்கள் பலர். லிம்போமா என்ற ரத்த சம்பந்தமான புற்றுநோய் அங்கே பெரிய கட்டியாக நிற்கும். அதற்கு மருந்துதான் வைத்தியம், வயிற்றைத் திறந்தால் வீண். இளைஞர்களுக்கு விரையில் கிளம்பிய கட்டி பின்வயிற்று நெறிகளில் வந்து பெரிதாகும். விரையைத் தொட்டுப் பார்த்து இரண்டு ரத்த டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும், கீமோவிலேயே பெரும்பாலோருக்குக் குணமாகும். பாராகாங்கிலியோமா என்று ஒன்று, அட்ரினல் சுரப்பிக்குச் சொந்தக்காரன். பி.பி. திடீர் திடீரென்று எகிறும், வியர்த்துக் கொட்டும், தலை வெடிக்கும். அது தெரியாமல் ஊசி குத்தினாலே ஆபத்து என்பதால், சந்தேகம் இருந்தால் முதலில் ரத்த அல்லது சிறுநீர் டெஸ்ட். இரைப்பை, குடல் சுவரில் கிளம்பும் ஜிஸ்ட் என்ற கட்டியை ஒரு காலத்தில் சார்கோமாக்களோடு சேர்த்துப் போட்டுவிட்டு, கீமோ கொடுத்துக் கொடுத்துத் தோற்றோம். அதன் கோளாறு எந்த மரபணுவில் என்று 1998-ல் தெரிந்தது. 2002-லேயே அமெரிக்காவில் அதற்கு இமாட்டினிப் மாத்திரைக்கு அனுமதி வந்துவிட்டது. இன்று தினம் ஒரு மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோயே இல்லாமல், பின்வயிற்றில் நார் போலத் தடித்துச் சிறுநீர்க் குழாய்களை நெரிக்கும் நோயும் உண்டு, அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. உங்கள் அப்பாவுக்குக் கொழுப்புதான் அதிகம் என்பதால் இவை எதுவும் பெரிதாகப் பொருந்தவில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதைப் பாருங்கள். பெயர் தெரியாமல் கத்தி எடுப்பது விலாசம் இல்லாமல் பஸ் ஏறுவது.

பயாப்சி துணுக்கில் பார்க்க வேண்டிய டெஸ்ட் ஒன்றின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: எம்.டி.எம்.2. லைப்போசார்கோமா செல்களில் இந்த மரபணு அளவுக்கு மீறிப் பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். சாதாரணக் கொழுப்புக் கட்டியில் அப்படி இருக்காது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டையும் பிரிப்பது இதுதான். சின்ன லேப்களில் வசதி இருக்காது, அனுப்பிவைப்பார்கள், ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாக ஆகும். ஆகட்டும். இந்தக் கட்டி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வளர்ந்தது. இரண்டு மூன்று வாரத்தில் கைமீறிப் போய்விடாது. அதற்காகத் தீபாவளி கழியட்டும் என்று இழுக்கவும் வேண்டாம்.

வேலை செய்கிற கிட்னியை எதற்கு எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்வதைவிட நடந்ததைச் சொன்னால் புரியும்.

நான் முதுநிலை படித்துக்கொண்டிருந்த காலம். வயிறு பெருத்து ஒரு அம்மா வந்தார். சினைப்பை நீர்க்கட்டி என்று ஸ்கேன் சொன்னது. திறந்தால் நீர்க்கட்டி இல்லை, மஞ்சளாகக் கொழுப்பு, குடல் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. கிட்னி அதற்குள் புதைந்திருந்தது. நாங்கள் அதைத் தொடவில்லை. கிட்னியைக் காப்பாற்றிக்கொண்டு, கட்டியைக் கைகையாக அள்ளி வெளியே எடுத்தோம். எடை போட்டோம், ஏழு கிலோ. தராசுக்குப் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டோம். அந்த அம்மா பத்தாம் நாள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ரிப்போர்ட்டில் லைப்போசார்கோமா என்று வந்தது. பதினாலு மாதத்தில் திரும்பி வந்தார். இந்த முறை ஒரு கட்டி இல்லை, குடலுக்கு நடுவே, பழைய இடத்தில், இடுப்புக் குழியில் என்று ஐந்தாறு. நாங்கள் காப்பாற்றிய கிட்னியும் நசுங்கிப் போயிருந்தது. சுத்தமாக எடுக்க வழியே இல்லை. அந்த போட்டோ இன்னும் எங்கோ இருக்கிறது, தேடிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

அந்தக் கட்டிக்கு ஓரம் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதும் யாருக்கும் திறந்து பார்த்தால் தெரியாது. கட்டியின் கொழுப்பும் கிட்னியைச் சுற்றி இயல்பாக இருக்கும் கொழுப்பும் ஒரே நிறம், ஒரே மென்மை. இங்கே முடிகிறது என்று நினைத்துக் கத்தி வைத்தால் அது கட்டிக்குள்ளேயே ஓடும். அதனால்தான் கட்டியை உடைக்காமல், அதை ஒட்டியிருக்கும் கிட்னி, பெருங்குடலின் அந்தப் பகுதி, சில நேரம் முதுகுத் தசையின் மேல்பரப்பு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக எடுக்கும் முறை வந்தது. கிட்னிக்கு நோய் என்று எடுப்பதில்லை. கட்டியின்மேல் ஒரு சுத்தமான உறை போர்த்தி வெளியே கொண்டுவருவதற்கு அந்த உறுப்புகள்தான் உறை. தேங்காயை மட்டையோடு பறிப்பது மாதிரி. முதல் ஆபரேஷனில் இதைச் செய்தால்தான் உண்டு. இரண்டாவது முறை திறக்கும்போது எல்லா ஓரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், யாருக்கும் அந்த முதல் வாய்ப்பு திரும்பக் கிடைப்பதில்லை.

ஒரு கிட்னியோடு அப்பா நன்றாக வாழலாம். கிட்னி தானம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றோடுதான் இருக்கிறார்கள். ஆனால் கிரியேட்டினின் 1.1 என்பது இரண்டு கிட்னியும் சேர்ந்து போட்ட மதிப்பெண். வலது கிட்னி தனியாக எவ்வளவு செய்கிறது என்று டி.டி.பி.ஏ. ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் முடிவு. சர்க்கரை, பி.பி. இருந்தால் இனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவது கூடாது. பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்தாலும் பெரும்பாலும் அப்போதே இணைத்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் கொஞ்ச காலம் வெளியே பை. இடது பக்கம் என்பதால் மண்ணீரலையும் கணையத்தின் வால் பகுதியையும் எடுக்க நேரலாம். அதற்கு வாய்ப்பு இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிமோனியா தடுப்பூசி போட வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபரேஷன்தான், மறைக்கவில்லை. பழகிய மையங்களிலும் ஆறில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல் வருகிறது. நூற்றில் இரண்டு பேரை ஒரு மாதத்துக்குள் இழக்கிறோம். இந்தக் கணக்கைக் கேட்டுத்தான், ‘முடிந்தவரை எடுத்துவிடலாம்’ என்பது எளிதாகத் தோன்றும். அந்த வார்த்தையைக் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். குடல் அடைத்து உயிர்போகிற நிலையில் இருக்கும் நோயாளிக்கு அது பொருந்தும், உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

கரண்ட் வைப்பார்களா, கீமோ உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆபரேஷனுக்கு முன் 28 முறை கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி திரும்புவது குறையுமா என்று 266 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. மொத்தத்தில் பலன் தெரியவில்லை. லைப்போசார்கோமாவுக்கு மட்டும் கொஞ்சம் உதவலாம் என்ற சாயல் இருக்கிறது. ஆகவே இது எல்லோருக்கும் கிடையாது, குழுவாக உட்கார்ந்து முடிவு செய்வது. ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் வைப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கிறோம். கட்டி இருந்த இடத்தில் குடல் வந்து விழுந்திருக்கும், அது தாங்காது. கீமோ, கொழுப்புப் பகுதியை அசைக்காது. கெட்டிப் பகுதியின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சே.

திரும்ப வருமா? வரலாம். இந்தக் கட்டியின் பெரிய சங்கடம் அதுதான், அதே இடத்தில் திரும்பி வருவது. கொழுப்பு மட்டுமே உள்ள வகை தூரத்துக்குப் பரவுவது இல்லை என்றே சொல்லலாம். கெட்டிப் பகுதி உள்ளது நுரையீரலுக்குப் போகக்கூடும், அதனால் இப்போதே நெஞ்சுக்கும் ஒரு சி.டி. வேண்டும். இந்த வகைக் கட்டிகளைப் பெரிய மையங்களில் முழுதாக எடுத்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து ஆண்டைத் தாண்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், பிறகு ஆறு மாதம், ஐந்தாண்டுக்குப் பின் வருடம் ஒருமுறை. ஐந்தாண்டு ஆயிற்று, போதும் என்று விடக் கூடாத நோய் இது, பத்தாவது ஆண்டில் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது? நான் இருக்கும் இடத்துக்கு வாருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சி. புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, மருந்து, பயாப்சி பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் அங்கே உங்களுக்கு லாபம். விடியற்காலையிலேயே ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சென்னை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வகைக் கட்டியை வருடத்துக்கு எத்தனை எடுக்கிறீர்கள்? எங்கள் அப்பா கேஸை டியூமர் போர்டில், அதாவது எல்லாத் துறை டாக்டர்களும் குழுவாகப் பேசி முடிவெடுக்கும் கூட்டத்தில், வைப்பீர்களா? கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டரிடமிருந்து தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்கேன் படம் பதிந்த டிஸ்க், ஊசி டெஸ்ட் எடுத்த லேபிலிருந்து கண்ணாடி ஸ்லைடுகள், பயாப்சி ஆனால் அந்தச் சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுத் துண்டு, எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கடலூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள கவுன்ட்டரில் இப்போதே எடுத்துவிடுங்கள். அட்மிஷன் போட்ட பிறகு அலைவது கொடுமை. சேர்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் அந்த அட்டை செல்லுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கிட்னி, அவர் கையெழுத்து. நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர், பெல்ட் ஓட்டை தள்ளிப்போவதை உங்களுக்கு முன்பே அவர் பார்த்திருப்பார். வீட்டில் எல்லோரும் அவர் வந்ததும் பேச்சை நிறுத்துகிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே புற்றுநோய் என்ற சொல்லில் ஆரம்பிக்க வேண்டியதில்லை, அது இன்னும் உறுதியாகவும் இல்லை. “பின்னால ஒரு பெரிய கட்டி இருக்குப்பா, அது என்ன ஜாதின்னு பார்க்க சதை எடுக்கப் போறாங்க, கிட்னியும் சேர்த்து எடுக்கற மாதிரி வரலாம்” என்று அவர் பாஷையில் சொல்லுங்கள். பிறகு அவர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். கேட்காததைத் திணிக்க வேண்டாம், கேட்டதை மழுப்ப வேண்டாம். பயாப்சி முடிவைக் கேட்கும் நாளில் அவரையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப்போங்கள், வெளியே பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பத்தியம் வேண்டாம். இந்தக் கட்டிக்கு மீனும் முட்டையும் தீனி இல்லை. அவை இல்லாவிட்டால் அப்பாவின் தசைதான் கரையும். இவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்கப் புரதம் வேண்டும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக: ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், சுண்டல், தயிர். பலாப்பழத்தை நிறுத்தியதற்கு ஏதாவது காரணம் இருக்குமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை, கிரியேட்டினின் சரி என்றால் ஒன்றும் இல்லை. ஆனி மாதத்தில் பண்ருட்டியில் இருந்துகொண்டு பலாச்சுளை வேண்டாம் என்று ஒரு மனுஷனிடம் சொல்வது எந்த வைத்தியத்திலும் சேராது. நாலைந்து சுளை கொடுங்கள்.